அன்னயன் பொலிமரைசேஷனை சுப்பர் குளூவ வச்சு விளங்கிக்கிறது எப்படி

அன்னயன் பொலிமரைசேஷன்னா மைனஸ் ஏற்றம் உள்ள முனையால ஒருபகுதியம்ங்கிற சின்ன மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்து நீளச் செயினாகிறது. மொதல்ல ஒரு சுப்பர் குளூ டியூப்ப எடுத்துக்கோங்க. நுவரெலியா பக்கம் பனி மூட்டம் எறங்குற நாள்ல மூடிய தெறந்து வச்சா நுனி கல்லாயிடும்ல, சப்பாத்து ஒட்டப் போயி என் ரெண்டு விரலும் சேர்ந்து ஒட்டினப்ப தான் எனக்கு இந்தப் பாடமே விளங்கிச்சு (ஒட்டிக்கிட்டா பிச்சு இழுக்காதீங்க, இளஞ்சூட்டு சவக்காரத் தண்ணில ஊற வைங்க). உள்ள இருக்கிறது சயனோஅக்ரிலேட். தோல்லயும் காத்துலயும் இருக்கிற ஈரம் அதோட காபன்-காபன் இரட்டைப் பிணைப்புல போய் முட்டுது, மைனஸ் மத்தக் காபனுக்குத் தாவுது, அது அடுத்த ஒருபகுதியத்த முட்டுது, இப்படியே செயின் நீளுது. அந்த மூலக்கூறுல இருக்கிற சயனோ, எஸ்டர் கூட்டங்க அந்த மைனஸைத் தாங்கிக்கிறதால தான் தண்ணி மாதிரி சோப்ளாங்கியே போதுமாகுது. ஸ்டைரீனுக்கு அது காணாது, பியூட்டைல்லிதியம் மாதிரி முரட்டுத் தொடக்கி வேணும், அங்க தண்ணி வந்தா புரோத்தன (H⁺) குடுத்து செயினையே சாகடிச்சிடும்.

அதனால பொறிமுறை எழுதுறப்ப ஒவ்வொரு வரியிலயும் மைனஸ் எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க. கடைசில ரெண்டு செயின் சேர்ந்து முடியுதுன்னு எழுதிடாதீங்க, அது ரெடிக்கல் (தனி எலக்ட்ரான் உள்ள முனை) பொலிமரைசேஷன் கதை, மைனஸும் மைனஸும் தள்ளுமே ஒழிய சேராது. 1956ல சுவார்க்ங்கிற இரசாயனவியலாளர் இதத்தான் லிவிங் பொலிமர், அதாவது முனை சாகாத செயின்னு காட்டினாரு, புதுசா ஸ்டைரீன் ஊத்தினா செயின் திரும்ப வளருது. கணக்கும் லேசு: 1 மோல் பியூட்டைல்லிதியத்துக்கு 100 மோல் ஸ்டைரீன்னா செயினுக்கு சராசரி 100 அலகு, ஸ்டைரீனோட மூலர் திணிவு 104ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 10,400. தொடக்கி சோடியம் நப்தலீன்னா செயின் ரெண்டு முனையிலயும் வளரும், ரெண்டு தொடக்கிக்கு ஒரு செயின், அப்ப 200 அலகு, இங்க தான் நெறைய பேர் மார்க்ஸ விடுறாங்க.

டாக்டிசிட்டிக்கு, அதாவது செயின்ல பக்கக் கூட்டங்க நிக்கிற ஒழுங்குக்கு, செயின ஸிக்ஸாக்கா வரைஞ்சு பக்கக் கூட்டம் எந்தப் பக்கம்னு பாருங்க. தோட்டத்து ஒத்த லயத்துல (ஒரே வரிசை வீடுங்க) எல்லா காம்பரா (அறை) வாசலும் ஒரே பக்கம் இருக்குல்ல, அது ஐசோடாக்டிக். தேயிலைக் கொப்புல இலை மாறி மாறி வருதே, அப்படி வந்தா சிண்டியோடாக்டிக். கோயில் வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பு மாதிரின்னா அடாக்டிக்.

இந்த ஒழுங்கு எப்படி வருதுன்னா, இப்ப மைனஸ் பக்கத்துல எந்தப் பிளஸ் அயன் நிக்குதுன்னு பாருங்க. மெதைல் மெதக்ரிலேட்ட டொலுயீன்ங்கிற கரைப்பான்ல, நல்ல குளிர்ல லிதியம் தொடக்கியோட செஞ்சா லிதியம் செயின் முனையவும் எஸ்டரையும் கோத்துப் புடிச்சிக்கிட்டு வர்ற ஆள ஒரே மாதிரி உக்கார வைக்குது, ஐசோடாக்டிக் கூடுது. டெட்ராஹைட்ரோபியூரான்ல செஞ்சா கரைப்பான் லிதியத்த சுத்தி வளைச்சு அந்தப் பிடிய விட வச்சிடும், பக்கக் கூட்டம் இடைஞ்சல் இல்லாம மாறி மாறி உக்காரும், சிண்டியோ கூடும்.

உதாரணம் கேட்டா பொலிபுரொப்பிலீனை மட்டும் இங்க எழுதாதீங்க, மெதைல் எலக்ட்ரான தள்ளுறதால புரொப்பிலீன் மைனஸைத் தாங்காது, அது சீக்லர் நாட்டா ஊக்கி (உலோகச் சேர்வை ஊக்கி) ஏரியா.