வார்கிராஃப்ட் 3 மேப்புக்கு லோடிங் ஸ்கிரீன்: எங்கே கோட்டை விடுகிறோம்

வார்கிராஃப்ட் 3 கணினி விளையாட்டுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மேப்பை, அதாவது நாமே அமைக்கும் விளையாட்டுக் களத்தைச் செய்துவிட்டு, அது ஏறும்வரை திரையில் நிற்கும் லோடிங் ஸ்கிரீனைக் கடைசி ராத்திரியில் அவசரமாக ஒட்டுபவர்கள்தான் அதிகம். விளையாட வருபவர் முதலில் பார்ப்பதோ அதைத்தான். அதுவும் நம் கணினியில் இல்லை, அவருடைய கணினியில்.

என் முதல் மேப்பில் இது எனக்கே நடந்தது. என் திரையில் படம் அழகாக வந்தது. நண்பர்கள் நான்கு பேருக்கும் வரவில்லை. ஒரு மாலை முழுக்கத் தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கேம் ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகளையும் கேம் எடுத்துக்கொள்ள விடும் 'அலோ லோக்கல் ஃபைல்ஸ்' அமைப்பை எப்போதோ இயக்கி வைத்திருந்தேன். சோதனைக்காகப் போட்ட படம் என் கேம் ஃபோல்டரிலேயே கிடந்தது. கேம் அதை அங்கிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது, மேப்புக்குள் அந்தப் படம் சரியான இடத்தில் இல்லவே இல்லை.

இதன் வேர், மேப் செய்யும் எடிட்டரில் வெளிக்கோப்புகளைச் சேர்க்கும் இம்போர்ட் மேனேஜரில் இருக்கிறது. அதில் எந்தக் கோப்பைச் சேர்த்தாலும், பெயருக்கு முன்னால் 'வார்3மேப்இம்போர்ட்டட்' என்ற ஃபோல்டர் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். லோடிங் ஸ்கிரீன் வெறும் படம் அல்ல. ஓர் எம்டிஎக்ஸ் மாடல் (கேமின் முப்பரிமாண வடிவக் கோப்பு), அதன்மேல் போர்த்திய படம் என்று இரண்டும் சேர்ந்தது. படம் எந்தப் பாதையில் எந்தப் பெயரில் இருக்கும் என்பது மாடலுக்குள்ளேயே எழுதியிருக்கும். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் படம் வராது. கோப்பின் மேல் இரண்டு முறை க்ளிக் செய்து, 'யூஸ் கஸ்டம் பாத்' பெட்டியில் டிக் போட்டு, ஒட்டிக்கொண்ட பகுதியை அழித்துவிட்டு, மாடல் கேட்கும் பெயரையே தட்டுங்கள். மேப்பைச் சேமித்து, எடிட்டரை மூடித் திறந்து, அப்புறம் சினாரியோ மெனுவில் மேப் லோடிங் ஸ்கிரீனுக்குப் போய் அந்த மாடலைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது மாடல், படம் அல்ல. மேப் பட்டியலில் சின்னதாகத் தெரியும் 256×256 பிரிவ்யூ படத்தையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது முற்றிலும் வேறு.

அடுத்தது வடிவம். ஒரே படத்தைப் போர்த்தும் மாடல்களில் அந்தப் படம் பெரும்பாலும் 512×512, அதாவது சதுரம். அந்தக் கேம் 2002-ல் வந்தபோது திரைகள் 4:3. சதுரத் தாளில் வட்டமாக ஒரு நிலவை வரைந்தால், திரையில் அது பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு இழுபட்டு முட்டையாகிவிடும். முதலில் 1024×768-ல் வரையுங்கள். முடித்த பிறகு சதுரமாக அமுக்குங்கள். கேம் அதை விரித்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவரும். 2018-ல் வந்த 1.29 பேட்ச்தான் அகலத்திரைக்கு வழிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அகலத்திரை மானிட்டர் இருந்தால் மொத்தப் படமும் இன்னொரு சுற்று இழுபடும். அந்தப் பதிப்புகளில் இன்றும் விளையாடுகிறார்கள். அதனால் நெருக்கத்தில் முகம் வைப்பதைவிட மலை, கோட்டை, காடு போன்ற காட்சிகள் வைத்தால் இழுபட்டாலும் உறுத்தாது.

512 பிக்சல் அகலம் 1920 பிக்சல் திரையில் ஏறக்குறைய நாலு மடங்கு விரிகிறது என்பதையும் மனதில் வையுங்கள். படத்துக்கு அது பரவாயில்லை, பொடி எழுத்துக்குத் தாங்காது. ஹீரோ பட்டியல், கட்டளைகள், நன்றி என எல்லாவற்றையும் படத்திலேயே எழுதினால் ஒரு வரிகூடப் படிக்க வராது. கட்டளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த பதிப்பில் ஒன்றை மாற்றினால் படத்தையே திரும்பச் செய்ய வேண்டும். தலைப்பு, துணைத்தலைப்பு, விளக்கம் என்று எடிட்டரே மூன்று பெட்டிகள் தருகிறது. அவற்றில் தட்டுங்கள், எழுத்து கூர்மையாக வரும். அந்த எழுத்து விழும் இடத்தையும், கீழே லோடிங் பட்டை ஓடும் இடத்தையும் படத்தில் அமைதியாக, கொஞ்சம் இருட்டாக விட்டுவிடுங்கள்.

தமிழ்ப் பெயர் மட்டும் விதிவிலக்கு. கேமோடு வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது, அதனால் அந்தப் பெட்டிகளில் தட்டிப் பயனில்லை. மேப்பின் பெயரைத் தமிழில் காட்ட ஆசை இருந்தால் படத்தில்தான் எழுத வேண்டும். நல்ல தடிமனான எழுத்துருவில், பெரிதாக, நாலைந்து எழுத்துகளுக்குள் முடித்துவிட்டால் விரிந்த பிறகும் சுழிகள் அடைபடாது.

கோப்பின் எடையையும் பாருங்கள். 32 பிட் டிஜிஏ என்ற படக்கோப்பு வடிவில் ஒரு 512×512 படம் அப்படியே 1 எம்பி. கூர்மை வேண்டும் என்று திரையை நான்காகப் பிரித்து நான்கு படம் வைத்தால் 4 எம்பி. ஒரு காலத்தில் ஆன்லைனில் ஒரு முழு மேப்புக்கே அவ்வளவுதான் இடம், 2009-ல் 1.24 பேட்ச் வந்துதான் அது 8 ஆனது. வரம்பு தளர்ந்தாலும், மேப் கையில் இல்லாதவர் அதை லாபியில், அதாவது ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடும் திரையில், காத்திருந்துதான் இறக்குகிறார். பிஎல்பி என்ற கேமின் சொந்தப் பட வடிவத்துக்கு மாற்றினால் எடை பெருமளவு குறையும். நான்கு துண்டையும் ஒரே தரத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் நடுவில் சிலுவைபோல் ஒட்டுக்கோடு தெரியும்.

எல்லாம் முடிந்ததும் மேப் கோப்பை மட்டும் ஒரு நண்பருக்கு அனுப்பி, அவர் திரையில் என்ன தெரிகிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.