மேயர் நாற்காலியைக் குறிவைக்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு மாநகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் நெருங்க நெருங்க ‘வருங்கால மேயரே’ என்று சுவரொட்டிகள் முளைக்கும். 2022-ல் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. வார்டுகளிலும் பெண்களுக்குப் பாதி. அதனால் முதல்முறை களமிறங்கும் பெண்கள் ஏராளம். முன்பு நின்றவர்கள் சறுக்கிய அதே படியில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். பிரசாரத்துக்குத் தாமதமாகக் கிளம்புவது, மேடையில் வாய் தவறுவது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. நாலு நாள் வெயிலில் நடந்தால் அவை தானாகச் சரியாகும்.

மேயருக்கு நிற்பதாக நினைத்துக்கொள்வது

1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 பதவியேற்பு, மார்ச் 4 மறைமுகத் தேர்தல், அதாவது கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பது. சென்னையில் ஆர். பிரியா மேயரானது 74-வது வார்டில் ஜெயித்து வந்த பிறகுதான். இந்த முறை நீடிக்கும்வரை முதலில் வார்டு, அப்புறம்தான் நகரம். மேம்பாலம் பற்றி முழங்கும் வேட்பாளரிடம் வாசலில் நிற்கும் அம்மா கேட்பது, மூன்று மாதமாக எரியாத தெருவிளக்கைப் பற்றி. போதாக்குறைக்கு, மேயர் கனவை முன்கூட்டியே பறைசாற்றினால் சொந்தக் கட்சியில் அதே கனவோடு இருப்பவர்கள் உங்கள் வார்டில் வேலை செய்யமாட்டார்கள்.

கையெழுத்து மட்டும் போடுவது

இத்தனை தேர்தலுக்குப் பிறகும் எரிச்சலூட்டுவது இதுதான். வேட்புமனுவைக் கணவரோ அண்ணனோ வாங்கி வருவார், வக்கீல் நிரப்புவார், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் வேட்பாளர் கையெழுத்திடுவார். துண்டறிக்கையில் இருப்பது கணவரின் செல்போன் எண். தொகுதிப் பங்கீடு முதல் பூத் ஏஜென்ட் வரை எல்லாம் அவர் பேசுவார். ‘அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க, எங்கிட்ட சொல்லுங்க’ என்பது பெருமையாகவே சொல்லப்படும்.

இது மானப் பிரச்சினை மட்டுமல்ல. மனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் உங்கள் சொத்து, கணவர் சொத்து, கடன், நிலுவை வழக்கு எல்லாம் வரவேண்டும். அதில் ஒன்று தப்பானால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர், நிரப்பியவர் அல்ல. கட்டங்களை வெறுமையாக விடக்கூடாது. விவரம் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டங்களோடு வரும் பத்திரத்தை நிரப்பச் சொல்லியும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இதைவிட மோசமான கண்ணி ஒன்று உண்டு. ஒப்பந்தத் தொழில் செய்யும் வீடுகளில் நிறுவனத்தை மனைவி பெயரில் பதிவு செய்வதும், அவரைப் பங்குதாரராகச் சேர்ப்பதும் சர்வசாதாரணம். பல பெண்களுக்கு அப்படியொரு நிறுவனம் தம் பெயரில் இருப்பதே தெரியாது. அந்தப் பெயரில் மாநகராட்சி ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் தகுதியே போய்விடும். பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தூக்கிக் காட்டும்போது வேட்பாளர் திரும்பிக் கணவர் முகத்தைப் பார்ப்பார். அதற்குமேல் பார்த்து என்ன பயன்?

ஆகவே மனுத்தாக்கலுக்கு ஒரு மாதம் முன்பே நீங்களே உட்காருங்கள். உங்கள் பெயரில் உள்ள பத்திரங்கள், வங்கிக் கணக்குகள், நகைக்கடன், பங்குதாரர் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சொத்துவரி பாக்கி இருந்தால் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்மொழிபவரின் பெயர் அதே வார்டின் வாக்காளர் பட்டியலில் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று நேரில் பாருங்கள். நிரப்பிய பத்திரத்தை வரிவரியாக வாசித்த பிறகே பேனாவை எடுங்கள்.

ஜெயித்த பிறகும் இந்தப் பழக்கம் விடாது. மறைமுகத் தேர்தல் கூட்டத்தில் வாக்களிப்பவர்கள் கவுன்சிலர்கள் மட்டும். கணவர் வாசலோடு சரி. அதுவரை அவரோடு மட்டுமே பேசிவந்த கவுன்சிலர்கள் அன்றுதான் உங்களை முதன்முதலாகப் பார்ப்பார்கள். அவர்களிடம் ஓட்டு வாங்கவேண்டும்!

சாதிச் சான்றிதழ்

சென்னை மேயர் பதவி 2022-ல் பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. கல்யாணத்தால் சாதி மாறாது. பட்டியலினத்தவரை மணந்த வேறு சாதிப் பெண் அந்த இடத்துக்கு நிற்க முடியாது. செல்லுபடியாவது பிறப்பால் வந்த சான்றிதழ்தான். சான்றிதழில் அப்பா பெயர், வாக்காளர் பட்டியலில் கணவர் பெயர் என்று இருந்தால் இரண்டிலும் இருப்பது நீங்கள்தான் என்பதற்கான ஆவணத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒதுக்கீடு இப்படியே இருக்கும் என்று நம்புவது

மாறலாம். எந்தப் பதவி யாருக்கு என்று சொல்லும் அரசாணை வரட்டும்.

பெண்கள் வார்டுக்காகக் காத்திருப்பது

பொது வார்டிலும் பெண் நிற்கலாம்.

கட்சி அறிவித்ததோடு முடிந்தது என்று உட்காருவது

2022 மார்ச் 4 அன்று சில நகராட்சிகளில், கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்த தலைவர் பதவிகளைத் திமுகவினரே போட்டியிட்டுக் கைப்பற்றினார்கள். அவர்களை ராஜினாமா செய்யச் சொல்லி அன்றைய முதல்வர் ஸ்டாலின் அறிக்கை விடவேண்டி வந்தது. போட்டி வந்தால் ரகசிய வாக்கெடுப்பு. சென்னையில் 200 கவுன்சிலர்கள். பாதிக்கு மேல் என்றால் 101. எண்ணிக்கை முடிந்த அன்றைக்கே ஒவ்வொரு கவுன்சிலரையும் நீங்களே போனில் அழைத்து வாழ்த்துச் சொல்லுங்கள், எதிர்க்கட்சியினரையும் விடாதீர்கள்.

இல்லாத அதிகாரத்தை நம்பி வாக்குறுதி கொடுப்பது

சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் மின்வாரியத்துக்கு, காவல் மாநில அரசுக்கு. மாநகராட்சி கையில் இருப்பவை உள்சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, பிறப்பு இறப்புப் பதிவு, சொத்துவரி. அவற்றிலும் நிர்வாக அதிகாரம் ஆணையருக்கு. மேயர் மன்றத்தை நடத்துபவர். சாக்கடை அடைப்பு என்று யாராவது சொன்னால், அது மழைநீர் வடிகாலா கழிவுநீர்க் குழாயா என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே ஆள் விஷயம் தெரிந்தவர் என்று தெருவுக்குப் புரிந்துவிடும்.

செலவுக் கணக்கு

முடிவு வந்த 30 நாளுக்குள், ரசீதுகளோடு. கொடுக்காவிட்டால் மூன்றாண்டுத் தகுதிநீக்கம். தோற்றவர்களுக்கும்தான்.