லயத்துப் பாட்டைப் பதிந்து பொருள் எழுதுவது எப்படி

1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பங்களில், லயத்துப் பாட்டுகள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் (லயங்களில்) பாடியவை, பாட்டிமார் நினைவில்தான் இருக்கின்றன. முதலில் அனுமதி கேளுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆகாது என்பார்கள், அது நியாயம்தான்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு கெட்டது. மழை ஓய்ந்த நாளாகப் பாருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பாடுபவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி, மடித்த கம்பளி மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கை பட்ட சத்தமெல்லாம் ஏறும்.

பாடியதைத் திருத்தாமல் எழுதிக்கொண்டு, வரி வரியாகப் பொருள் கேளுங்கள். 'அரைப்பேர்' என்று வந்தால் பாதிப் பெயர் என்று ஊகித்துவிடுவோம். தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் சம்பளக் கணக்கு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. அது தெரியாமல் அந்த வரியின் வலி பிடிபடாது.

பாடியவரின் மகளிடமும் தனியாகக் கேளுங்கள். அம்மாவுக்குக் கங்காணி (வேலை வாங்கும் மேற்பார்வையாளர்) மேல் கோபமாகப் படுவது, மகளுக்கு வெறும் தாலாட்டாக இருக்கலாம். இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதுங்கள். பாடியவர் சொன்னது முதலில். உங்கள் ஊகம் கடைசியில், வேறு மையில்.