கன்னியாவுக்கு முதல் நாளே போங்கள்

திருகோணமலைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைக்குக் காட்ட நினைத்ததை, போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே காட்டிவிடுங்கள். காணி, கந்தோர், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகு. நாங்கள் ஊரில் நின்றது 11 நாள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நின்றது 25 நிமிடம்.

காலநிலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் போனால் கச்சான் காற்று வீசும், வெயில் எரிக்கும், ஆனால் நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும். மார்கழி விடுமுறை என்றால் வாடை மழையும் கொந்தளிக்கும் கடலும்தான். புறாமலைத் தீவுக்குப் படகு எடுக்கும் யோசனையை அப்போது விட்டுவிடுங்கள். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் படுக்கை கிடைத்தால் அதில் போவது நல்லது. வானில் போனால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம் என்று சாரதியிடம் சொல்லிவையுங்கள், யானை றோட்டுக்கு வரும்.

சரி, கன்னியா. ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர், அநுராதபுரப் பாதைப் பக்கம். சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள், ஆழம் மூன்று நாலு அடிதான். ஏழிலும் வெந்நீர், ஆனால் ஒரே சூடு இல்லை. தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் குத்தித் தண்ணீர் எடுத்த ஏழு இடங்கள் என்பது கதை. திருகோணமலைச் சைவர்கள் இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகும் வழக்கமும் அந்தக் கதையோடுதான் வருகிறது. எனக்குக் கன்னியா என்றால் இராவணன் இல்லை. சைக்கிள் பாரில் என்னை இருத்தி, ஹாண்டிலில் வாளியைக் கொழுவிக்கொண்டு அப்பா மிதித்த அந்த விடியற்காலை. நான் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருப்பேன். அப்பா ஏதோ ஒரு கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றுவார். எத்தனையாம் கிணறு என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால், "சரி" என்பார். அவ்வளவுதான் விளையாட்டு. பிரச்சினைகள் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் போக முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் மொத்தமாக நாலு தடவை போயிருப்பேன். கனடாவின் ஸ்காபரோவில் மகளுக்குச் சொன்னபோது அது நாற்பது தடவையாகியிருந்தது.

போன அன்றே கடைத்தெருவில் ஒரு நீல வாளி வாங்கினோம், அவளே தெரிந்தெடுத்தாள். மறுநாள் காலை ஓட்டோ சொல்லியாயிற்று. அந்த நேரத்தில்தான் பெரியம்மா தேத்தண்ணியோடு வந்து, "ஒரு கையெழுத்துத்தானே தம்பி, அதை முடிச்சுப்போட்டுப் பிறகு ஆறுதலாப் போங்கோவன்" என்றார்.

கையெழுத்துத்தானே என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். அம்மப்பாவின் காணியில் என் பங்கைப் பெரியம்மாவின் மகளுக்கு நன்கொடை உறுதியாக, அதாவது பத்திரமாக, எழுத வேண்டும். நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு. நொத்தாரிசு நல்ல மனிதர். உறுதியைப் பார்த்தார், என் கனடாக் கடவுச்சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். உறுதியில் அம்மா பெயரின் பின்னால் வரும் அப்பா பெயர் 'ராசா'. என் பிறப்புச் சான்றிதழில் 'ராஜா'. கடவுச்சீட்டில் அதே பெயர் என் குடும்பப் பெயராக மாறி, கடைசி எழுத்தும் உதிர்ந்துபோயிருந்தது. மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று யாராவது எழுதித் தர வேண்டும்.

அந்த யாராவதைத் தேடித்தான் ஒரு கந்தோர். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன், பெரியம்மா இன்னும் அங்கே போய்வர வேண்டியவர். முதல் நாள் பொறுப்பானவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் போயா, முழுநிலா விடுமுறை, பூட்டு. எனக்கு ஞாபகமே இல்லை. கலண்டரில் சந்திரனைப் பார்த்துத் திட்டம் போடுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. மூன்றாம் நாள் அவர் இருந்தார். சான்றிதழின் புதுப் பிரதி வேண்டும் என்றார், என்னிடம் இருந்தது மங்கிப் போயிருந்ததால். பதிவு எண் தெரியாது, ஆகவே தேடுதலுக்கு விண்ணப்பம். நாலாம் நாள் பிரதி கிடைத்தது. அதில் 'ராஜா'வும் இல்லை 'ராசா'வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்து. மை பரவியிருந்தது. எழுத்தரிடம் நான் கத்தினேன். கனடாவில் பன்னிரண்டு வருடமாக எவரிடமும் கத்தாதவன். அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "வெளிநாட்டில இருந்து வாற எல்லாருக்கும் அவசரம்தான் ஐயா" என்றார். அந்த 'ஐயா'வில் மரியாதை இல்லை.

நாலு நாளும் மகள் வாங்கில் என் பக்கத்தில், மடியில் நீல வாளியோடு இருந்தாள். முடிந்ததும் அப்படியே போகலாம் என்று நான்தான் தினமும் கொண்டுவரச் சொன்னேன். "ஏன் பிள்ளை, வீட்டில தண்ணி இல்லையோ?" என்று ஒரு அம்மா கேட்டார். மகளுக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கியது.

ஆகவே கடதாசி விசயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழின் எண்ணையும் பதிவுத் திகதியையும் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். உறுதியின் பிரதியை வாட்ஸப்பில் வாங்கி, எல்லாக் கடதாசியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இல்லையென்றால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும், அதற்கும் ஒரு நாள் வையுங்கள். அல்லது இருக்கும் நாட்டிலிருந்தே இலங்கைத் தூதரகத்தில், உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பிவிடலாமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். போயா நாட்களைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். முக்கியமாக, பிள்ளையைக் கந்தோருக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

பெரியம்மாவில் கோபம் வந்தது உண்மை. ஐந்தாம் நாள் இரவு அதைச் சொல்லியும்விட்டேன், லீவு முழுக்க உங்கள் காணிக்கே போகுது என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். 2004 மார்கழி 26 காலை கடல் வந்தபோது அவர் தூக்கிக்கொண்டு ஓடியது அதைத்தான். தன் நகை அதற்குள் இல்லை. எங்கள் எல்லாருடைய உறுதிகள், என் பள்ளித் தேர்ச்சி அறிக்கை, அப்பாவின் மரணச் சான்றிதழ். அப்பாவின் அந்தியேட்டி கன்னியாவில்தான் நடந்தது. அந்த மாதம் எனக்கு லீவு இல்லை என்று சொல்லியிருந்தேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் கையெழுத்து வைத்தேன். பத்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல்.

பதினோராம் நாள் காலை, பெட்டிகள் எல்லாம் வானில் ஏறிய பிறகு, கன்னியாவுக்குப் போங்கள் என்றேன். கொழும்புக்கு வேற பாதை ஐயா என்றார் வான்காரர், கந்தளாய்ப் பக்கம். தெரியும், போங்கள். இப்போது பற்றுச்சீட்டு எடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். விடியப் போவதுதான் சரி, நாங்கள் போனது ஒன்பது மணிக்கு. தெற்கிலிருந்து வந்த இரண்டு பஸ் சனம், கிணற்றைச் சுற்றி வாளிகளின் சத்தம். மகள் ஒரு மூலையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குந்தினாள்.

முதல் வாளி ஊற்றினேன். "த்ரீ" என்றாள். தமிழில் சொல்லு என்றேன். "மூன்று." அது இரண்டாம் கிணறு. பிழை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அடுத்தது ஐந்து என்றாள். அதற்குள் ஆட்கள் இடித்துத் தள்ளியதில் எந்தக் கிணற்றில் அள்ளினேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. சரி என்றேன். அப்பாவும் ஒரு தடவைகூட என்னைப் பிழை என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசி வாளிக்கு நீண்ட நேரம் யோசித்தாள். பிறகு, "எட்டு" என்றாள்.

சரி என்றேன்.