எஸ்பிடி எண்ணை நம்பும் முன்: போர் குழியில் நடக்கும் தவறுகள்

மண் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது எஸ்பிடி (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) எண்ணைத்தான். அஸ்திவாரத்தின் ஆழமும் அகலமும் பெரும்பாலும் அதை வைத்தே முடிவாகின்றன. ஆனால் அந்த எண்ணில் மண்ணின் பலத்தோடு சோதனை நடந்த விதமும் கலந்திருக்கிறது. போர், அதாவது மண்ணைச் சோதிக்கும் துளை, போடும்போது விவரம் தெரிந்த ஒருவர் குழியருகே நிற்காமல் இருப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன.

இந்தச் சோதனைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 2131 சொல்லும் முறை எளியது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழியின் அடியில் ஸ்ப்ளிட் ஸ்பூனை (இரண்டாகப் பிளந்து திறக்கும் மண் மாதிரிக் குழாயை) 45 செ.மீ. இறக்க வேண்டும். ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் சுத்தியல் எத்தனை முறை அடித்தது என்று தனித்தனியாக எழுத வேண்டும். முதல் 15 செ.மீ. துளையிட்டதில் கலைந்த மண். அது கணக்கில் சேராது. 4, 5, 7 என்று வந்தால் கடைசி இரண்டையும் கூட்டி எண் 12. மூன்றையும் கூட்டி 16 என்று போட்டுவிட்டால் இல்லாத பலம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

சுத்தியல் விழும் உயரத்தைக் கண்காணிக்க வேண்டும். மதிய வெயிலில் கயிறு இழுப்பவருக்குக் கை சோர்ந்துவிடும். 75 செ.மீ. 60 ஆனால் ஒவ்வொரு அடியின் ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே மண் 12க்குப் பதிலாக ஏறக்குறைய 15 காட்டும். சுத்தியலைத் தூக்கும் சுழல் டிரம்மில் கயிறு இரண்டு சுற்றுக்கு மேல் இருந்தாலும் உராய்வில் ஆற்றல் போய்விடும். வழிகாட்டித் தண்டில் 75 செ.மீ.யில் பளிச்சென்று ஒரு கோடு போட்டு வையுங்கள். ஸ்பூன் வாயில் கல் சிக்கினாலும் எண் திடீரென எகிறும். ஸ்பூனைத் திறந்து, உள்ளே என்ன மண் வந்திருக்கிறது என்று பார்க்காமல் அந்த எண்ணை ஏற்க வேண்டாம்.

மணலில் நேர்மாறாகவும் நடக்கும். குழிக்குள் தண்ணீர் நிலத்தடி நீர்மட்டத்தைவிடக் கீழே இறங்கினால், அடியிலிருந்து நீர் பொங்கி மணலைத் தளர்த்திவிடும், எண் விழுந்துவிடும். குழியில் தண்ணீரோ பெண்டோனைட் என்ற களிமண்ணின் கரைசலோ எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், கருவியை மெதுவாகத் தூக்க வேண்டும். சோதனைக்கு முன் டேப் விட்டு ஆழம் பாருங்கள். 6 மீட்டர் தோண்டிய குழி 5.6 என்று காட்டினால், அடியில் 40 செ.மீ. சேறு கிடக்கிறது. அதை அள்ளாமல் அடித்தால், அடி விழுவது அந்தச் சேற்றில்தான்.

எண்ணைக் குறைத்துக் காட்டும் தவறால் பணம் வீணாகும். கூட்டிக் காட்டும் தவறால் கட்டடமே இறங்கும். அதனால் கூடுதலாகத் தெரியும் எண்ணையே நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

கிடைத்த எண்ணில் செய்யும் திருத்தங்களிலும் கவனம் வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள நுண்மணலிலும் வண்டலிலும் எண் 15ஐத் தாண்டினால், தாண்டியதில் பாதியை மட்டும் எடுப்பார்கள். 25 என்பது 20 ஆகும். இதைக் களிமண்ணுக்கும் போடுவது தவறு. திருத்தாத எண்ணையும் ரிப்போர்ட்டில் கேட்டு வாங்குங்கள்.

இளகிய களிமண்ணுக்கு எஸ்பிடியே பொருந்தாது. எண் 1க்கும் 2க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அங்கே, இறக்கைகள் உள்ள தண்டை மண்ணில் இறக்கித் திருப்பி வலுவை அளக்கும் வேன் ஷியர் சோதனை வேண்டும். அதன் இறக்கைகளை நிமிடத்துக்கு 6 டிகிரி வேகத்தில்தான் திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கே 15 நிமிடம். அவசரப்பட்டு வேகமாகத் திருப்பினால் களிமண் அதிக வலுவாகத் தெரியும். சரியாகச் செய்தாலும், பிசுபிசுப்பு மிகுந்த களிமண்ணில் கிடைக்கும் மதிப்பைக் குறைத்தே பயன்படுத்த வேண்டும் என்பதை 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் மண் பொறியாளர் பியெர்ரம், சரிந்த மண்கரைகளை ஆராய்ந்து காட்டினார்.

தகட்டை மண்ணில் வைத்துப் பாரம் ஏற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் பிளேட் லோட் சோதனை ஒன்றே போதும் என்பவர்களும் உண்டு. 30 செ.மீ. தகட்டின் பாரம் சுமார் 60 செ.மீ. ஆழம் வரைதான் குறிப்பிடத்தக்க அளவில் எட்டும். 2 மீட்டர் அகல ஃபூட்டிங்கின் (அஸ்திவார அடித்தளத்தின்) பாரமோ 4 மீட்டர் வரை போகும். மேலே மணல், கீழே இளகிய களி என்று அமைந்த மனையில் தகடு மணலை மட்டுமே சோதிக்கும். போர் குழி இல்லாமல் இந்தச் சோதனையை மட்டும் வைத்து டிசைன் செய்யக் கூடாது.

நீர்மட்டத்தைத் துளை போட்ட அன்றே எழுதாமல், 24 மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். சென்னையில் மே மாதம் போர் போட்டிருந்தால், வடகிழக்குப் பருவமழையில் அந்த மட்டம் எவ்வளவு உயரும் என்று பக்கத்துக் கிணறுகளில் விசாரித்து, டிசைன் செய்பவரிடம் அந்த உயர்ந்த மட்டத்தைக் கொடுங்கள்.