மதிப்பெண்ணுக்கேற்ற விடை: ஜாவாஸ்கிரிப்டில் நிபந்தனை எழுதுதல்

வலைப்பக்கத்தில் ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும் இருக்கின்றன. பயனர் மதிப்பெண்ணை இட்டுப் பொத்தானை அழுத்தியதும், 90 அல்லது அதற்கு மேல் என்றால் ‘மிகச் சிறப்பு’, 60 முதல் ‘நன்று’, 40 முதல் ‘தேர்ச்சி’, அதற்கும் குறைவென்றால் ‘மீண்டும் முயல்க’ என்று பக்கம் சொல்ல வேண்டும்.

முதலில், பெட்டியிலுள்ள மதிப்பை எடுத்து ஒரு மாறியில், அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயரிட்ட இடத்தில், வையுங்கள். அது எண்ணாகத் தோன்றினாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுத்துச் சரமே. இரண்டு பெட்டிகளின் மதிப்புகளை அப்படியே ஒப்பிட்டால், சரங்கள் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடப்படுவதால், 10-ஐ விட 9 பெரியது என்ற விடையே வரும்.

எண்ணாக மாற்றும் முன்பே, பெட்டி வெறுமையாக உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். வெற்றுச் சரத்தை, எண்ணாக மாற்றித் தரும் நம்பர் (Number) என்னும் செயற்கூறிடம் கொடுத்தால் அது 0 என்று திருப்பித் தரும். எதையுமே எழுதாதவரிடம் ‘மீண்டும் முயல்க’ என்று பக்கம் சொல்லிவிடும். எண்ணுக்குப் பதில் எழுத்துகளை இட்டாலோ, ‘எண் அல்ல’ எனப் பொருள்படும் NaN என்ற மதிப்பு கிடைக்கும். அது எந்த எண்ணை விடவும் பெரியதா, சமமா என்று ஒப்பிட்டாலும் பொய் என்றே வருவதால், அதுவும் ‘மீண்டும் முயல்க’ என்னும் கடைசிக் கிளையில்தான் போய் விழும்.

இனி இஃப் (if) சொல்லுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் மதிப்பெண் >= 90 (90 அல்லது அதற்கு மேல்) என்ற நிபந்தனையையும், நெளிவு அடைப்புக்குள் காட்ட வேண்டிய வாசகத்தையும் எழுதுங்கள். அடுத்தடுத்து எல்ஸ் இஃப் (else if) இட்டு 60, 40 ஆகியவற்றைச் சேர்த்து, எஞ்சியதை எல்ஸ் (else) கிளைக்கு விடுங்கள். இந்தச் சொற்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே இருக்க வேண்டும். மேலிருந்து முதலில் உண்மையாகும் கிளை மட்டுமே இயங்கும் என்பதால் வரிசை மிக முக்கியம். 40-ஐ முதலில் வைத்தால், 95 பெற்றவருக்கும் வெறும் ‘தேர்ச்சி’தான்.

சரியாக 100 என்று பார்க்க விரும்பினால் மூன்று சமக்குறிகள் இடுங்கள். ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது. மாறியில் 100-ஐ இட்டுவிடும், நிபந்தனையும் எப்போதும் உண்மையாகும். பிழைச்செய்தியே வராத பிழை இது என்பதால் கண்டுபிடிப்பது எளிதன்று.

பிறகு 90, 89, 40, 39 ஆகிய எல்லை மதிப்புகளை இட்டுப் பாருங்கள். 89.5-ஐயும் விட்டுவிடாதீர்கள். நாம் எழுதியபடி அது ‘நன்று’ பெறும். ‘60 முதல் 89 வரை’, ‘40 முதல் 59 வரை’ என்று இரு எல்லைகளும் வைத்து எழுதியவரின் பக்கத்திலோ அது எந்தக் கிளையிலும் சேராமல் ‘மீண்டும் முயல்க’ என்பதில் போய் நிற்கும்.