வட்டமும் இதயமும் போதும்: பேப்பர் பஞ்சில் விலங்கு முகங்கள்

பேப்பர் பஞ்ச் என்பது அழுத்தினால் தாளை ஒரே வடிவத்தில் வெட்டித் தரும் கைக்கருவி. யானை வடிவப் பஞ்ச் யானையை மட்டும்தான் வெட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் விலங்கு வடிவப் பஞ்ச் எதையும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 50, 25, 16 மி.மீ. வட்டங்கள், ஒரு நீள்வட்டம், ஒரு சிறிய இதயம், கோப்புகளுக்குத் துளையிடும் சாதாரணப் பஞ்ச்: இவை இருந்தால் ஒரு சிறு காட்டையே உருவாக்கிவிடலாம். அளவு சற்று மாறினாலும் குற்றமில்லை. பெரியது, அதில் பாதி, அதைவிடச் சிறியது என்ற வரிசை இருந்தால் சரி.

முகத்துக்கு 150 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வரையுள்ள தாள் நன்றாக நிற்கும். கண், மூக்குக்கு மெல்லிய வண்ணத்தாள் போதும்.

முதலில் கரடி. அது வந்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

படி 1: பஞ்சைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத் தாளைச் செருகுங்கள். வெட்டுவாய் கண்ணுக்குத் தெரிவதால், எந்த இடம் வெட்டுப்படும் என்று பார்த்தே அழுத்தலாம், தாளும் வீணாகாது. பழுப்பு நிறத்தில் 50 மி.மீ. வட்டம் ஒன்று, 25 மி.மீ. வட்டம் இரண்டு. வெளிர் நிறத்தில் 25 மி.மீ. வட்டம் ஒன்று, 16 மி.மீ. வட்டம் இரண்டு. கறுப்பில் ஓர் இதயம், கோப்புப் பஞ்சில் விழும் இரண்டு பொட்டுகள்.

படி 2: பழுப்பு 25 மி.மீ. வட்டங்கள்தான் காதுகள். 16 மி.மீ. வட்டங்களை அவற்றின் மேல் ஒட்டி, காதுகளைத் தலைக்குப் பின்னால் பாதி மறையும்படி வையுங்கள். முழுக் காதும் வெளியே நின்றால் கரடி எலியாகிவிடும்.

படி 3: வெளிர் வட்டத்தை முகத்தின் கீழ்ப்பாதியில் வைத்து, அதன் மேல்விளிம்பை ஒட்டி இதயத்தைக் கூர்முனை கீழே வரும்படி பொருத்துங்கள். அதுதான் மூக்கு.

படி 4: கண்கள். இங்கே அவசரம் வேண்டாம். முகத்தின் குறுக்கு நடுக்கோட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று விலக்கி வைத்தால் குட்டிக் கரடி. மேலே ஏற்றி நெருக்கி வைத்தால் கடுகடுத்த பெரிய கரடி. ஒட்டுவதற்கு முன் பல் குச்சியால் பொட்டுகளை நகர்த்திப் பாருங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தாலே முகபாவம் மாறும். பிடித்த இடத்தில் பல் குச்சி நுனியளவு வெள்ளைப் பசை தொட்டு ஒட்டுங்கள். பசை அதிகமானால் மெல்லிய தாள் சுருங்கும்.

இனி காதை மாற்றினால் விலங்கு மாறும். நீள்வட்டக் காதுகளை நிமிர்த்தி வைத்தால் முயல். தலையின் நிறத்திலேயே வெட்டிய இதயங்களைக் கவிழ்த்து, கூர்முனை மட்டும் தலைக்கு மேலே தெரியும்படி ஒட்டினால் பூனை. இளஞ்சிவப்பு முகத்தில் அதே காதுகளைச் சற்று வெளிப்புறம் சாய்த்து, நீள்வட்ட மூக்கில் இரண்டு துளையிட்டால் பன்றி. ஆந்தைக்குக் காதே வேண்டாம்: இரண்டு பெரிய வெள்ளை வட்டக் கண்கள், நடுவே அலகாக இதயம். தலைக்குப் பின்னால் ஒரு பெரிய பூ வடிவம் வைத்தால் சிங்கத்துக்குப் பிடரி வந்துவிடும்.

பஞ்ச் இறுகினால் பலம் காட்டாதீர்கள். மெழுகுத் தாளைச் சில முறை வெட்டினால் இலகுவாகும். ஓரம் பிசிறடித்தால் அலுமினியத் தாளை மடித்து அதேபோல் வெட்டிப் பாருங்கள். தடித்த அட்டையைச் சிறிய பஞ்சில் திணிப்பதுதான் பெரும்பாலும் அது சிக்கிக்கொள்ளக் காரணம்.

வாழ்த்து அட்டையில் ஒட்டுவதானால், மூக்குப் பகுதிக்கு அடியில் மட்டும் ஃபோம் டேப் (இருபுறமும் ஒட்டும் தடித்த டேப்) வைத்து உயர்த்துங்கள். எல்லா அடுக்கையும் உயர்த்தினால் அட்டை உறைக்குள் நுழையாது.